தூக்கி எறியப்பட்ட நாற்காலி

வாசக அன்பர்கள் முன்கூட்டியே பொறுத்தருள வேண்டும். துப்பறியும் கதை என்றால் இரத்தக் கறை கிடைக்கலாம்; கைரேகை கிடைக்கலாம். இந்த அத்தியாயத்தில் கிடைப்பது நாற்றம் ஒன்றே. அதை இயன்ற வரையில் நாகரிகமான சொற்களால் சொல்ல முயன்றிருக்கிறேன். சில இடங்களில் நாகரிகமான சொல் அகப்படவில்லை.

சாலோமி அம்மாள், துப்பறிவாளர் சித்ரலேகாவுக்கு எதிரே அமர்ந்ததும், தம் வலக்கை விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். சற்றுப் பொறுத்து இடக்கை விரல்களையும் முகர்ந்தார். தாம் அப்படிச் செய்வது அவருக்கே தெரியவில்லை என்பதைச் சித்ரலேகா கவனித்துக்கொண்டார்.

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். 1996-ஆம் ஆண்டின் சித்திரை மாதம்; காலையிலேயே வெயில் சுவரைச் சுட்டது. சாலோமி அம்மாளின் அருகில் அவருடைய வழக்கறிஞர் பாக்கியசீலன் அமர்ந்திருந்தார். ஜன்னல் ஓரத்தில், சித்ரலேகாவின் உதவியாளர் நூகு நின்றிருந்தார். அவர் காயல்பட்டினத்துக்காரர். துபாயில் ஓர் அத்தர் கடையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர். அவருடைய மூக்கும் வாயும் ஓய்வு என்பதை அறியாதவை.

சாலோமி அம்மாள் தயங்கித் தயங்கித் தம் கதையைச் சொன்னார். வண்ணார்பேட்டையில் பம்புசெட்டும் பூச்சிமருந்தும் விற்கும் ஒரு நிறுவனத்தில் அவர் தட்டச்சர். பெரிய முதலாளி இருந்தவரை ஒரு குறையும் இல்லை. அவர் காலமான பிறகு மகன் கணேஷ்ராம் பொறுப்பேற்றார். கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. அதற்கென்று கண்ணாடி அறை, குளிர்சாதனம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்ற ஒழுங்கு எல்லாம் வந்தன. தட்டச்சு இயந்திரத்துக்கு வேலை குறைந்தது.

அதன் பிறகு அவருடைய இடத்தில் ஒரு நாற்றம் எழுந்தது.

முதலில் எலி செத்திருக்கும் என்றார்கள். எலி அகப்படவில்லை. மறுநாள் காலை அவருடைய மேசையில் மட்டும் யாரோ ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். அடுத்த வாரம் தண்ணீர்ப் பானையின் மேல் இருந்த எவர்சில்வர் டம்ளரை அவர் எடுக்கப் போனபோது, அவருக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் டம்ளர் ஆணியில் தொங்குவதைக் காட்டினார்கள். கணேஷ்ராம் அவரைக் கடந்து போகையில் யாரையும் பார்க்காமல், தின்பதை வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும், அலுவலகத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று பொதுவாகச் சொன்னார். அலுவலகத்தில் சாலோமி அம்மாளைத் தவிர மற்ற எல்லாரும் சைவர்கள். அந்தச் சொல் யாருக்கு என்பதில் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை.

அவர் முதலாளியிடம் இரண்டு முறை முறையிட்டார். முதலாளி கைக்குட்டையால் மூக்கை மூடியபடியே, அவரவர் உடம்பு நாற்றத்துக்கு நிறுவனம் என்ன செய்ய முடியும், நல்ல டாக்டரைப் பாருங்கள் என்றாராம். பிறகு அவரைப் பின்புறச் சரக்குக் கிட்டங்கிக்கு, பூச்சிமருந்து டின்களுக்கு நடுவே மாற்றினார்கள். நாற்காலியைத் தொட ஆள் இல்லாததால் அவரே அதை இழுத்துக்கொண்டு போனார். நாற்றமும் அவர் பின்னாலேயே கிட்டங்கிக்கு வந்தது. அதன் பிறகு மற்றவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

"எனக்கே சந்தேகம் இல்லாமப் போச்சும்மா," என்றார் சாலோமி அம்மாள். "ரெண்டு நேரம் டெட்டால் ஊத்திக் குளிச்சேன். ரீபா பக்கத்துல படுப்பா. அவ ஒண்ணும் சொல்லலை. நானாத்தான் பாயைத் தள்ளிப் போட்டுக்கிட்டேன்."

ரீபா அவருடைய மகள். அதைச் சொல்லும்போது அவர் மீண்டும் விரல்களை முகர்ந்தார். சித்ரலேகா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அருவருப்பு என்பது இப்படித்தான் ஒருவருக்குள் ஊட்டப்படுகிறது போலும்.

இறுதியில் அவரே தம் கையால் ராஜினாமாவைத் தட்டச்சு செய்தார். மேலாளர் தாணுமாலையன் அருகில் நின்று, 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற வரியைச் சேர்க்கும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார். அந்த வரியைத்தான் இப்போது கணேஷ்ராம் பிடித்துக்கொண்டிருக்கிறார். தொழிலாளர் அலுவலர் முன்னிலையில் இன்று பிற்பகல் கடைசிப் பேச்சுவார்த்தை.

வழக்கறிஞர் பாக்கியசீலன் தொண்டையைச் செருமினார்.

"கையெழுத்து இவுகளதுதான். அதை மறுக்க முடியாது. ஆனா ஒரு ஆளை அங்கன இருக்கவே முடியாதபடி ஆக்கி, வேற போக்கில்லாம எழுத வச்சிருந்தா, சட்டம் அதை ராஜினாமான்னு பாக்காது. வெளியேத்தினதாத்தான் பாக்கும். ஆனா அது முதலாளியே வேணும்னு செஞ்ச காரியமா இருக்கணும். எலி செத்து ஆபீஸ் நாறிச்சு, இவுக ரோசப்பட்டுப் போயிட்டாகன்னா, அது வெறும் ராஜினாமாதான்."

அப்படி முடிந்துவிட்டால் வேலை மட்டும் போகாது. நாறுகிறவர் என்ற பெயரோடு சாலோமி அம்மாள் இந்த ஊரில் வேறு எந்த அலுவலகப் படியையும் ஏற முடியாது. இரண்டு இடங்களில் ஏற்கெனவே மறுத்துவிட்டார்கள். ஒன்றில், அவர் எழுந்து போன பிறகு ஜன்னலைத் திறந்த சத்தம் படிக்கட்டு வரை கேட்டதாம்.

நூகு அதுவரை பொறுமையாக இருந்தார். அந்த நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன மீன் கொண்டுபோனீர்கள் என்று அவர் கேட்டார்.

"மீனா? அது லெந்து நாள் தம்பி. சாம்பல் புதன்லேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் எங்க வீட்டுல மீன், கறி எதுவும் உள்ள வராது. நான் கொண்டுபோனது பருப்புச் சோறும் அவரைக்காயும்."

"அப்ப வீட்டுல எல்லாரும் விரதம். நாத்தம் மட்டும் கறி தின்னிருக்கு," என்றார் நூகு.

சித்ரலேகா சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

*

வண்ணார்பேட்டை நிறுவனத்துக்குச் சித்ரலேகாவும் நூகுவும், கணவன் இறந்த பிறகு தோட்டத்தைத் தாமே கவனிக்கும் ஓர் அம்மாளாகவும் அவருடைய கணக்குப்பிள்ளையாகவும் வேடமிட்டுப் போனார்கள். மேலாளர் தாணுமாலையன் எழுந்து நின்று வரவேற்றார். ஐம்பதைக் கடந்தவர், நெற்றி நிறையத் திருநீறு, குரலில் அளவுக்கு மீறிய பணிவு. எந்த வாக்கியத்தையும் அவர் ஒரே விதமாகத்தான் தொடங்கினார்.

"தப்பா நினைக்கப்படாது, கிணறு எத்தனை அடி?" என்று கேட்டார். "தப்பா நினைக்கப்படாது, மோட்டாருக்கு இப்பம் விலை ஏறியிருக்கு," என்றார். "தப்பா நினைக்கப்படாது, காப்பி சாப்பிடுதீங்களா?" என்றும் கேட்டார்.

காப்பியைத் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது என்று நூகு காதோடு கேட்டார். சித்ரலேகா அவருடைய காலை மிதித்தார்.

குழாய்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி இருவரும் கிட்டங்கிக்குள் போனார்கள். டின்களின் நடுவே ஒரு மேசை இருந்தது. அதன் மேல் உறை போட்ட தட்டச்சு இயந்திரம். மேசைக்குக் கீழே கால் வைத்துக்கொள்ளும் மரக்கட்டை. சுவரில், ஆணியில் தொங்கிய அந்தப் பிளாஸ்டிக் டம்ளர். சித்ரலேகா சற்றே களைத்தவர் போலக் காட்டி உட்கார இடம் தேடினார். நாற்காலி இல்லை. தாணுமாலையன் ஓடிப்போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்தார்.

அங்கே ஓர் அம்மாள் வேலை பார்த்தார், மீன் நாற்றம் தாங்க முடியவில்லை, அவராகவே நின்றுவிட்டார் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார் அவர்.

"அவுக லீவு போட்ட நாள்ல நாறாதோ?" என்று சித்ரலேகா கேட்டார்.

லீவு நாளிலும் நாறத்தான் செய்தது, ஆனால் அது அந்த அம்மாளின் நாற்றம் ஊறிப்போனதால் வந்தது என்று தாணுமாலையன் விளக்கினார். ஆள் வராத நாளிலும் நாற்றம் தவறாமல் வேலைக்கு வந்திருக்கிறது.

"அவுக போனதும் நாத்தமும் போயிட்டுதா?"

"அன்னைக்கே போயிட்டுதும்மா. தப்பா நினைக்கப்படாது, அவுக இருந்த நாற்காலியைக்கூட அன்னைக்குச் சாயங்காலமே பேட்டை இரும்புக்கடைக்குப் போடச் சொல்லிட்டாக முதலாளி."

சித்ரலேகா மோட்டாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடைபெற்றார். தெருவுக்கு வந்து, தம் கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரின் மேல் கையூன்றி நின்றார்.

"நூகு, அவுக கை பட்ட மேசை அங்கனதான் இருக்கு. விரல் பட்ட மெஷின் இருக்கு. வாய் வச்ச டம்ளரைக்கூட எறியலை. நாறினது அந்த அம்மான்னா, நாற்காலி மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

*

பேட்டையில் பழைய இரும்புக்கடை வைத்திருந்தவர் சொர்ணாம்பாள். அந்த நாற்காலியைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் சுளித்தார். வாங்கியது தம் பிழைதான் என்றும், உடைக்கச் சொன்னால் வேலையாட்கள் கிட்டே போகவே மறுக்கிறார்கள் என்றும் சொன்னார். சாக்கடை ஓரத்தில் கிடக்கிறது, வேண்டுமானால் சும்மாவே எடுத்துப் போகலாம் என்றார்.

"பூனைகதான் விட மாட்டேங்குது. ராவும் பகலும் அதைச் சுத்தியேதான் கெடக்கு."

இரும்புக் குழாயை வளைத்துச் செய்து, பச்சை பிளாஸ்டிக் ஒயரால் பின்னிய நாற்காலி அது. இருக்கையில் ஒயர் அறுந்த இடத்தைச் சாலோமி அம்மாள் சிவப்பு ஒயரால் நேர்த்தியாகப் பின்னியிருந்தார். தாம் தொடர்ந்து உட்காரப் போகும் இடம் என்று நம்பிய ஒருவர்தான் அப்படிப் பின்னியிருக்க முடியும். மூன்று பூனைகள் நாற்காலியைச் சுற்றி இருந்தன. அவற்றில் ஒன்றுகூட இருக்கையைப் பார்க்கவில்லை. மூன்றும் கால்களையே நக்கிக்கொண்டிருந்தன.

நூகு குனிந்து, ஒரு காலின் அடியில் இருந்த ரப்பர்த் தக்கையைப் பிடுங்கினார்.

இங்கே எழுதக் கூசுகிறது. குழாய்க்குள்ளிருந்து பழுப்பு நிறக் கூழ் ஒன்று மெல்ல நழுவி விழுந்தது. அதில் புழுக்கள் இருந்தன. கண்ணை எரிக்கும் ஒரு காரநெடி எழுந்தது. சித்ரலேகா பிறந்தது முதல் சைவம்; மீனைக் கடைத்தெருவில் தூரத்தில் பார்த்திருப்பதோடு சரி. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முறை ஓங்கரித்து, பிறகு நிமிர்ந்தார். நூகு மூக்கைப் பொத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அத்தர் கடையில் சீசாவைத் திறந்து பார்ப்பவர் போல மூச்சை உள்ளிழுத்தார்.

"திருக்கைக் கருவாடு," என்றார். "காய்ஞ்சு கெடந்தா பாவம், அது பாட்டுக்குக் கெடக்கும். தண்ணியில ஊறப்போட்டு அடைச்சிருக்காக. நாலு கால்லயும் இருக்கும் பாருங்க."

நான்கு கால்களிலும் இருந்தது.

"நாலு கால் இருக்கிறதால நாற்காலின்னு வாத்தியாரு தப்பாச் சொல்லிக் குடுத்திட்டாருக்கா. நாறுற கால் இருக்கிறதாலதான் நாற்காலி."

கெடாமல் எஞ்சியிருந்த ஒரு துண்டை மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார்கள். ஒரு பெண்ணை நாள் முழுவதும் இதன் மேல் உட்கார வைத்து, இது உன் உடம்பு என்று நம்பவும் வைத்தவர்கள், மாலையில் வீட்டுக்குப் போய்க் கால் கழுவி, விளக்கேற்றிக் கும்பிட்டிருப்பார்கள் என்ற எண்ணம் கருவாட்டைக் காட்டிலும் சித்ரலேகாவை வதைத்தது.

இதை வாங்கியவர் யார் என்பதே அடுத்த கேள்வி. நூகு உடனே வழி சொன்னார். கருவாட்டையே தொட்டறியாத ஒருவர், தெரிந்த முகம் எதிர்ப்படக்கூடிய கடைக்குப் போகமாட்டார். ஆற்றைத் தாண்டி மேலப்பாளையம் சந்தைக்குத்தான் போயிருப்பார்.

*

மேலப்பாளையத்தில் இரண்டு கடைகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது கடை பீர் மைதீனுடையது. நூகு சலாம் சொல்லி, இரண்டு மாதத்துக்கு முன் திருக்கை வாங்க வந்த புதுமுகம் யாராவது நினைவில் இருக்கிறாரா என்று தொடங்கியபோதே, பீர் மைதீன் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"மறக்குமா? இந்தக் கடையில முப்பது வருசமா இருக்கேன் வே. வாரவங்க என்ன கேப்பாங்க? 'பாய், நல்லா மணக்குற கருவாடா எடுங்க'ன்னு கேப்பாங்க. திங்கிறவனுக்கு அது மணம். நெத்தியில பட்டை போட்டுக்கிட்டு, கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டு ஒருத்தர் வந்தாரு. வந்து, 'தப்பா நினைக்கப்படாது பாய், இதுல எது ரொம்ப நாறும்?'னு கேட்டாரு. நாறுற ரகம் கேட்டு வந்த ஒரே ஆளு அவருதான்."

பீர் மைதீன் வேடிக்கையாகத் திருக்கையைக் காட்டி, தண்ணீர் பட்டால் தெருவே காலியாகும் என்றாராம். வந்தவர் மகிழ்ந்து வாங்கிப் போனாராம்.

நூகு சித்ரலேகாவைத் திரும்பிப் பார்த்தார். தாணுமாலையன் என்ற பெயரை இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அருகில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து சித்ரலேகா வழக்கறிஞருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் பாக்கியசீலன் மகிழவில்லை. பெருமூச்சு விட்டார்.

"இதைச் சொன்னா கணேஷ்ராம் தப்பிச்சுருவான்மா. 'மேனேஜரு தன் வன்மத்துல செஞ்சுட்டாரு, எனக்கு ஒண்ணுமே தெரியாது'ன்னு கையைக் கழுவிருவான். கூட வேலை பாக்குறவர் செஞ்ச குறும்பாப் போயிரும். முதலாளிக்குத் தெரியும்னு காட்ட என்ன இருக்கு?"

நாற்காலியை எறியச் சொன்னது முதலாளிதான் என்று தாணுமாலையன் வாய்தவறிச் சொன்னதைச் சித்ரலேகா நினைவூட்டினார். அதைத் தாணுமாலையன் அங்கே மறுத்துவிடுவார் என்றார் வழக்கறிஞர்.

சித்ரலேகா இன்னொரு எண்ணைச் சுழற்றி, சொர்ணாம்பாளிடம் ஓர் உதவி கேட்டார். நாற்காலியைச் சோடா உப்புப் போட்ட வெந்நீரால் குழாயின் உட்புறம் வரை கழுவ வேண்டும். எலுமிச்சை தேய்த்து, உச்சி வெயிலில் காய வைத்து, மூன்று மணிக்குள் கொக்கிரகுளத்துத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

நூகு திகைத்துப் போனார். கிடைத்த ஒரே சாட்சியைக் குளிப்பாட்டிக் கூட்டிவரும் துப்பறிவாளரைத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்றார்.

"நாறுற நாற்காலியைக் கண்டா யாரும் மூக்கைப் பொத்துவாங்க நூகு," என்றார் சித்ரலேகா. "நாறாத நாற்காலியைக் கண்டு மூக்கைப் பொத்துறது யாருன்னு பாப்போம்."

*

தொழிலாளர் அலுவலர் விஜயஸ்ரீயின் அறை சிறியது. இருந்த நாற்காலிகளில் சிலவற்றைக் கூட்டம் அதிகம் என்று சொல்லி நூகு தாமே வராந்தாவுக்கு எடுத்துப் போயிருந்தார். ஒரு பக்கம் பாக்கியசீலனும் சித்ரலேகாவும் அமர்ந்தார்கள். சாலோமி அம்மாள் யாருக்கும் அருகே வராமல், வழக்கம்போலச் சுவரோரமாக நின்றுகொண்டார். எதிர்ப்பக்கம் ஒரே ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது. பச்சை ஒயர், நடுவே சிவப்பு ஒயரில் ஒரு திட்டு.

கணேஷ்ராம் வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக உள்ளே வந்தார். பின்னால் தாணுமாலையன். காலையில் மோட்டார் வாங்க வந்த அம்மாளைக் கண்டதும் தாணுமாலையனின் முகம் வெளுத்தது.

அலுவலர் கணேஷ்ராமை உட்காரச் சொன்னார். அவர் நாற்காலியைப் பார்த்தார். நின்றபடியே பேசுவதாகச் சொன்னார். விசாரணை நீளும், உட்காருங்கள் என்று அலுவலர் மீண்டும் சொன்னார்.

"இல்லம்மா. இந்த நாற்காலி வேண்டாம்." அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். "நாறும்."

சித்ரலேகா மிகுந்த பணிவோடு எழுந்தார்.

"மன்னிக்கணும். நாறினது சாலோமி அம்மான்னுதானே நீங்க எழுத்துல குடுத்திருக்கீங்க?"

அந்தப் பெண் உட்கார்ந்த நாற்காலி என்பதால் சொன்னேன் என்றார் கணேஷ்ராம். அவர் கை பட்ட மேசையும் டம்ளரும் இன்னும் உங்கள் கிட்டங்கியில்தான் இருக்கின்றன, அவை நாறவில்லையா என்று சித்ரலேகா கேட்டார். அலுவலர் விஜயஸ்ரீ தம் இடத்திலிருந்து எழுந்து வந்து, குனிந்து, ஒயர் இருக்கையை முகர்ந்து பார்த்தார். எலுமிச்சை வாசனைதான் வருகிறது, இதில் ஒரு நாற்றமும் இல்லையே என்றார்.

"இருக்கையில இல்லம்மா, அந்தக் கால்லதான்..."

கணேஷ்ராம் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. நூகு கையில் இருந்த பிஸ்கட் டின்னை மெல்ல மேசை மேல் வைத்தார்.

"கால்ல என்ன இருந்துச்சுன்னு அக்காவே இன்னும் சொல்லலியே அண்ணாச்சி. உங்க மூக்கு வக்கீலுக்கும் முன்னால வாதாடுது."

ஒரு மனிதர் இவ்வளவு விரைவில் தம்மை மாற்றிக்கொள்ள முடியும் என்பதை நேரில் கண்டவர்கள்கூட நம்பத் தயங்குவார்கள். கணேஷ்ராம் தாணுமாலையன் பக்கம் திரும்பினார். இவர்தான் செய்தார், எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது, வயதுக்கு மரியாதை கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டேன் என்று மளமளவென்று சொன்னார். பிறகு அலுவலரின் மேசையிலிருந்தே ஒரு வெள்ளைத் தாளை உருவி, பேனாவோடு மேலாளரின் கையில் திணித்தார்.

"தாணு அண்ணாச்சி, இப்பவே எழுதிக் குடுத்திரும். சொந்த விருப்பத்தின் பேருல போறேன்னு எழுதும். எழுதலைன்னா போலீசுக்குத்தான் போகணும், யோசிச்சுக்கிடும்."

தொழிலாளர் அலுவலரின் கண்ணெதிரே, ராஜினாமா எப்படி எழுதி வாங்கப்படுகிறது என்பதை அவர் செய்தே காட்டிவிட்டார். பாக்கியசீலன் தம் குறிப்பேட்டை மூடி வைத்தார். இனி அவர் வாதிட எதுவும் மீதம் இருக்கவில்லை.

தாணுமாலையன் தாளைப் பார்த்தார். அவருடைய உதடுகள் பழக்கத்தால் அசைந்தன.

"தப்பா நினைக்க..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு அலுவலரை நிமிர்ந்து பார்த்தார். "தப்பாவே நினைச்சுக்கிடுங்க. எது ரொம்ப நாறுமோ அதைக் கேட்டு வாங்கிட்டு வாரும்னு சொன்னது முதலாளிதான். ஊறப்போட்டு அடைச்சது நான். முதலாளி வாசல்ல காவல் நின்னாக. அந்த அம்மா தானாப் போயிட்டா, நிப்பாட்டி நஷ்டஈடு குடுக்கிற வேலை மிச்சம்னு சொன்னாக."

பூச்சிமருந்து விற்பவருக்கு மனிதரை விரட்டும் மருந்து தெரியாமலா இருக்கும் என்று நூகு முணுமுணுத்தார். யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கணேஷ்ராம் கைக்குட்டையை இப்போது வாய் மேல் வைத்திருந்தார்.

அலுவலர் விஜயஸ்ரீ வெறுப்பைக் குரலில் காட்டாமல் இருக்க முயன்றார், முற்றிலும் இயலவில்லை. இது ராஜினாமா அல்ல, ஆளை வெளியேற்றிய செயல் என்றே தாம் பதிவு செய்யப்போவதாகவும், நிர்வாகம் விரும்பினால் தொழிலாளர் நீதிமன்றத்தில் இந்த நாற்காலியோடு வந்து வாதிடலாம் என்றும் சொன்னார். கணேஷ்ராம் நீதிமன்றத்தை விரும்பவில்லை. சாலோமி அம்மாளைப் பழைய வேலையிலேயே, ஜன்னல் ஓரத்துப் பழைய இடத்திலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நாற்றத்தின் காரணம் அந்த அம்மாள் அல்ல என்று நிறுவனத்தின் அறிவிப்புப் பலகையில் அவர் கையெழுத்தோடு எழுதி ஒட்ட வேண்டும் என்று அலுவலர் சேர்த்துச் சொன்னார். அதற்கும் கணேஷ்ராம் தலையசைத்தார்.

அலுவலர் சாலோமி அம்மாளை அருகே அழைத்து, சம்மதமா என்று கேட்டார்.

சாலோமி அம்மாள் சுவரை விட்டு வந்தார். காலியாக இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். சிவப்பு ஒயரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அதில் உட்கார்ந்தார். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். ஊரில் யாரும் மறுபடி அவரைக் கிட்டங்கிக்கு அனுப்ப முடியாது என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

எதிரே தாணுமாலையன் இன்னும் அந்தத் தாளைப் பிடித்தபடி நின்றார். இத்தனை ஆண்டுகள் சாலோமி அம்மாளுக்கு அடுத்த மேசையில் இருந்து, பண்டிகைக்குப் பண்டிகை அவரிடம் பலகாரம் வாங்கித் தின்ற மனிதர். அலுவலர், நீங்கள் எதையும் எழுத வேண்டியதில்லை என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தார்.

சாலோமி அம்மாள் முந்திக்கொண்டார். குரல் உயரவில்லை.

"அண்ணாச்சி எழுதணும்னா எழுதட்டும்மா. 'என் சொந்த விருப்பத்தின் பேரில்'ங்கிற வரியை மட்டும் விட்டுரச் சொல்லுங்க. அதை எழுதினா கை நாறும்."